திருமயம் மலைக்கோட்டை: பாறை தேக்கிய தண்ணீர்

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்குச் செல்லும் சாலையில், செட்டிநாட்டின் வடக்கு எல்லையை ஒட்டித் திருமயம் கோட்டை நிற்கிறது. கோட்டை பைரவர் சன்னதியில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் வெளிமதிலை மட்டுமே. 1687-இல் இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி எழுப்பிய இக்கோட்டை, அடுத்த நூற்றாண்டில் புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் வசமானது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் நினைவாக ஊர் மக்கள் இதை ஊமையன் கோட்டை என்றும் அழைக்கின்றனர். இம்மலையின் அடிவாரத்தில் சத்தியமூர்த்திப் பெருமாளுக்கும் சத்தியகிரீஸ்வரருக்கும் குடைந்த குடைவரைகள் கோட்டையைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தவை.

கோட்டை என்றவுடன் மதிலின் உயரத்தையும் உச்சியில் நிற்கும் பீரங்கியையும் பற்றியே பேசுகிறோம். முற்றுகை என்பது பெரும்பாலும் தாகத்தை வைத்து நடத்தப்படும் போர் என்பதால், வற்றாத ஆறில்லாத இந்த வறண்ட நிலத்தில் ஒரு மலைக்கோட்டையின் உண்மையான வலிமை, பாறைப் பள்ளங்களில் மழைநீர் தேங்கும் அதன் சுனைகளில்தான் இருந்தது என்பது என் கருத்து.

மழைநீரைத் தேக்கும் வேலையைப் பாறையே தொடங்கிவைக்கிறது. இத்தகைய கருங்கல் பாறைகள் பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் அழுத்தத்தின் கீழ் உருவானவை. மேலிருந்த நிலம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிக்கப்பட்டு அழுத்தம் தளர்ந்தபோது பாறை சற்றே விரிந்தது. அப்போது அதன் மேற்பரப்புக்கு இணையாக விரிசல்கள் தோன்றி, பாறை வெங்காயத்தின் தோல்போல அடுக்கடுக்காகப் பிரிந்தது. குன்றுகள் இப்படி உருண்டு திரண்டு நிற்பதற்கும், கல்தச்சர்கள் அவற்றிலிருந்து தட்டையான பலகைக் கற்களைப் பெயர்த்தெடுக்க முடிவதற்கும் இதுவே காரணம். விரிசல் இல்லாத இடத்தில் கருங்கல்லுக்குள் நீர் இறங்குவது மிகக் குறைவு. பெய்யும் மழையில் பெரும்பகுதி அப்படியே சரிந்து ஓடிவிடுகிறது.

ஓடும் நீரின் ஒரு பகுதி சிறு பள்ளங்களில் தங்குகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்து லேசான அமிலத்தன்மை பெற்ற அந்த நீர், கருங்கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்தை மெல்ல மெல்லக் களிமண்ணாக மாற்றுகிறது. பிடிப்பை இழந்த, கல்லின் மற்றொரு கனிமமான குவார்ட்ஸின் மணிகள் உதிர, பள்ளம் மேலும் அகலமாகிறது. அகன்ற பள்ளத்தில் இன்னும் அதிக நீர் தங்குகிறது. இயற்கை தொடங்கிய இத்தகைய பள்ளங்களை உளிகொண்டு ஆழப்படுத்தி, சரிவில் வரும் நீரை அவற்றை நோக்கித் திருப்பிவிட்டால் சுனை பயன்பாட்டுக்கு வந்துவிடும்.

ஒரு சுனையால் எத்தனை பேரைக் காக்க முடியும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். இப்பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ 900 மி.மீ.; அதில் கணிசமான பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. 100 சதுர மீட்டர் பாறைச்சரிவில் ஓராண்டில் 90,000 லிட்டர் விழும். அதில் பத்தில் ஏழு பங்கு சுனையை அடைவதாக வைத்துக்கொண்டால் 63,000 லிட்டர் சேரும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வீதம் செலவிட்டால், அது 100 பேருக்கு நான்கு மாதங்களுக்குமேல் போதும். திருமயம் கோட்டையின் பரப்பு சுமார் 40 ஏக்கர் என்பதையும், அதில் கணிசமான பகுதி வெறும் பாறை என்பதையும் சேர்த்து நினைத்தால் அதன் பலம் புரியும்.

ஆனால் தேக்கிய நீரை வெயில் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். நாளுக்கு 6 மி.மீ. ஆவியாகிறது என்று கொண்டால், 10 செ.மீ. ஆழமுள்ள குட்டை 17 நாள்களில் வற்றிவிடும். 2 மீட்டர் ஆழமுள்ள சுனையோ, யாரும் அள்ளாதவரை, பதினொரு மாதம் தாங்கும். ஆவியாதல் மேற்பரப்பின் அளவைப் பொறுத்தது என்பதால், ஒரே கொள்ளளவுக்கு அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டுவதே லாபம். செட்டிநாட்டு வீடுகளிலும் இதே கவனத்தைக் காணலாம். ஓட்டுச் சரிவுகளில் விழும் மழையை வளவின் (வீட்டின் உட்பகுதி) முற்றத்தில் வாங்கிச் சேமிப்பதும், மிகுந்ததை ஊருணிக்கு அனுப்புவதும் இந்த நிலத்தின் வறட்சியை நன்றாக அறிந்தவர்கள் செய்த வேலை.

சேர்த்தால் உயிரைக் காக்கும் அதே நீர், மதிலுக்குள் புகுந்தால் பகையாகிவிடுகிறது. ஏழு சுற்றாக இருந்ததாகச் சொல்லப்படும் மதில்களில் பல இன்று சுவடின்றிப் போய்விட்டன. எஞ்சியவற்றில் கருங்கல் வரிசைகளுக்கு மேலே செங்கல் கைப்பிடிச்சுவர் நிற்கிறது. செங்கல் இணைப்புகளில் ஈரம் தங்கியதும் பறவைகள் போட்ட அரச விதை முளைக்கிறது. வேர் தடிக்கத் தடிக்க இணைப்பு பிளக்கிறது.

இதற்குச் சிமெண்ட் பூசுவது மிகத் தவறான மருந்து என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக் காரையில் நுண்துளைகள் இருப்பதால் சுவருக்குள் புகுந்த ஈரம் அதன் வழியாக வெளியேறிவிடும். மேலும், நுண்ணிய விரிசல் விழுந்தால் மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு அந்த விரிசலிலேயே மீண்டும் படிந்து, ஓரளவு தானாகவே அதை அடைத்துக்கொள்கிறது. சிமெண்ட் இறுகி ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுகிறது. அந்த ஈரத்தில் கரைந்த உப்புகள் படிகமாகி, பழைய செங்கல்லின் முகத்தை உள்ளிருந்தே உதிர்க்கின்றன. மதிலைப் பழுதுபார்க்கும்போது முதலில் செடியை வேரோடு அகற்ற வேண்டும். பிறகு இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நன்கு புளிக்கவைத்த சுண்ணாம்பையும் மணலையும் கொண்டு நிரப்பி, அது வேகமாக உலர்ந்துவிடாதபடி பல நாள் ஈரப்படுத்திவர வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் பளபளக்கும் சுண்ணாம்புப் பூச்சில் பழகிய கொத்தனார்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல.