திட்டிய பிறகு கூடிய மதிப்பெண்

எட்டாம் வகுப்பு படிக்கும் மகனை உளவியல் ஆலோசனைக்காக என்னிடம் அழைத்துக்கொண்டு வந்த ஒரு தந்தை, அமர்ந்த உடனேயே தன் முடிவைச் சொல்லிவிட்டார்: "பாராட்டினா தலையில ஏறிக்கிறான் மேடம், நாலு திட்டு திட்டினாத்தான் படிக்கிறான். நான் பார்த்துட்டேன்." அவர் பொய் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் மகன் 76 வாங்கியபோது சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். அடுத்த தேர்வில் 58 ஆகக் குறைந்தது. பின்னர் 38 வாங்கியபோது அடித்துத் திட்டினார். அடுத்த தேர்வில் 56 வந்தது. கண்ணால் கண்டதை அவர் எப்படிச் சந்தேகிப்பார்? (அடையாளம் தெரியாதிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பழைய மதிப்பெண் பட்டியல்களை எல்லாம் கொண்டுவரச் சொன்னேன். எட்டுத் தேர்வுகளின் மதிப்பெண்கள் வரிசையாக 55, 52, 57, 76, 58, 54, 38, 56 என்று இருந்தன. சராசரி ஏறக்குறைய 56. 76, 38 என்ற இரண்டையும் விரலால் மறைத்துவிட்டுப் பார்த்தால், அந்தப் பையன் எப்போதும் 52-க்கும் 58-க்கும் இடையிலேயே இருந்திருக்கிறான். சைக்கிளும் இறக்கவில்லை, அடியும் ஏற்றவில்லை. இரண்டு முறையும் அவன் தன் வழக்கமான இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறான்.

உளவியல் மாணவர்களுக்கு முதலாண்டிலேயே கற்பிக்கப்படும் இதற்குச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்று பெயர். தேர்வை எழுதிவிட்டு மறந்துவிடும் பாடமாகவே பலருக்கும் இது முடிந்துபோகிறது. ஆனால் என் அறைக்கு வருகிறவர்களின் வாழ்க்கையில் இதைவிட அதிகமாகக் குறுக்கிடும் புள்ளியியல் கருத்து வேறொன்றை நான் கண்டதில்லை.

ஒரு தேர்வு மதிப்பெண்ணில் மாணவனின் உண்மையான திறமை ஒரு பங்கு என்றால், படித்த கேள்வியே வந்தது, முந்தைய இரவு காய்ச்சல் அடித்தது, திருத்தியவர் தாராளமாகப் போட்டார் என்பன போன்ற தற்செயல்கள் மறு பங்கு. மிக உயர்ந்த மதிப்பெண் வரும்போது பெரும்பாலும் தற்செயல்களும் சாதகமாக இருந்திருக்கும். மிகத் தாழ்ந்தது வரும்போது அவை பாதகமாக இருந்திருக்கும். அடுத்த முறையும் அதே தற்செயல்கள் அதே பக்கம் சேர்ந்து நிற்பது அரிது என்பதால், உச்சத்துக்குப் பின் இறக்கமும் பள்ளத்துக்குப் பின் ஏற்றமும் யாரும் எதுவும் செய்யாமலே வரும்.

1886-இல் ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 205 பெற்றோர் இணைகளின் உயரத்தை அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரத்தோடு ஒப்பிட்டபோது இதைக் கண்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடச் சற்றுக் குட்டையாகவும், மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் சற்று உயரமாகவும் இருந்தார்கள். இதில் நான் மாணவர்களிடம் வலியுறுத்திச் சொல்வது ஒன்றுண்டு: திசையை மாற்றி, மிக உயரமான பிள்ளைகளிலிருந்து தொடங்கினால், அவர்களுடைய பெற்றோரும் சராசரிக்கு நெருக்கமாகவே இருப்பார்கள். பிள்ளையின் உயரம் பெற்றோரின் உயரத்தைக் குறைக்க முடியாது அல்லவா? ஆகவே இது எந்தக் காரணத்தின் விளைவுமன்று. அளவீட்டுக்குள்ளேயே இருக்கும் இயல்பு.

எங்களிடம் வந்த தந்தையின் கதை புதியதும் அன்று. 2002-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானிமன், இஸ்ரேல் விமானப் படைப் பயிற்சியாளர்களிடம் பாராட்டின் பயனைப் பற்றிப் பேசியபோது, அனுபவமிக்க பயிற்சியாளர் ஒருவர் எழுந்து இதே வாதத்தை முன்வைத்தார்: நன்றாகப் பறந்தவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், மோசமாகப் பறந்தவனைத் திட்டினால் தேறுகிறான். கானிமன் அங்கிருந்த ஒவ்வொருவரையும் முதுகுக்குப் பின்னாலிருந்த இலக்கை நோக்கி இரண்டு நாணயங்களைப் பார்க்காமல் எறியச் செய்தார். முதல் எறிதல் நன்றாக அமைந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதில் தவறினார்கள். மோசமாக எறிந்தவர்கள் தேறினார்கள். நடுவில் எவரும் எவரையும் பாராட்டவுமில்லை, திட்டவுமில்லை. நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் பிரம்பு இன்றுவரை நம்பிக்கைக்குரியதாக இருப்பதற்கு இந்த மயக்கமும் ஒரு காரணம் என்பதே என் கருத்து.

சிகிச்சையைத் தேடி வருவதிலும் இதே சிக்கல் இருக்கிறது. தூக்கமின்மையோ பதற்றமோ பிள்ளையின் அடமோ சற்றே தொந்தரவு தரும்போது யாரும் வருவதில்லை. தாங்க முடியாத நிலையை எட்டிய வாரத்தில்தான் வருகிறார்கள். அந்த வாரத்தில் எதைத் தொடங்கினாலும், கயிறு கட்டினாலும், நினைவாற்றல் வகுப்பில் ஆயிரக்கணக்கில் கட்டிச் சேர்த்தாலும், அடுத்த சில வாரங்களில் நிலைமை ஓரளவு சீராகும் வாய்ப்பே அதிகம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்கிறோம். இங்கே காக்கை வந்து உட்காருவதே பழம் கனிந்த நேரத்தில்தான். இதை என் சிகிச்சைக்கும் சேர்த்தே சொல்கிறேன். 27 புள்ளிகள் கொண்ட மனச்சோர்வு வினாப்பட்டியலில் ஒருவருடைய மதிப்பு 17-இலிருந்து 11 ஆகக் குறைந்தால், அந்த ஆறு புள்ளிகளும் என் உழைப்பால் வந்தவை என்று உரிமை கொண்டாட எனக்கு ஆதாரமில்லை.

அதற்காகத்தான் கட்டுப்பாட்டுக் குழு தேவைப்படுகிறது. ஒரே அளவு துன்பத்தில் இருப்பவர்களை நாணயம் சுண்டுவது போன்ற சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் சிகிச்சை அளித்தால், தானாகத் தேறுவது இரு குழுக்களிலும் ஒரே மாதிரி நடக்கும். அதற்கு மேல் தெரியும் வேறுபாடே சிகிச்சையின் கணக்கு. பலவகை உளவியல் சிகிச்சைகள் இந்தச் சோதனையில் தேறியிருக்கின்றன. ஆகவே யாரும் இதைப் படித்துவிட்டுத் தங்கள் சிகிச்சையை நிறுத்திவிட வேண்டாம்.

தேறாதவையும் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரையொட்டிய கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரு ஊர்களில் 1939-இல் 506 சிறுவர்களை இணைகளாகப் பிரித்து, நாணயம் சுண்டி, ஒரு பாதிக்கு மட்டும் சராசரியாக ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆலோசகர்களின் வருகை, பாடங்களில் உதவி, மருத்துவம், கோடை முகாம் எல்லாம் அளித்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அந்தச் சிறுவர்களைத் தேடிப் பிடித்து 1978-இல் முடிவுகளை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அது தங்களுக்கு நன்மை செய்ததாகச் சொன்னார்கள். ஆனால் மதுவுக்கு அடிமையானதற்கான அறிகுறிகள், கடுமையான மனநோய், இளவயது மரணம் ஆகியவற்றில் உதவி பெறாத குழுவைவிட அவர்களே மோசமாக இருந்தார்கள். ஒப்பிட ஒரு குழு இல்லாதிருந்தால், அந்த நன்றியுரைகளை மட்டும் வைத்து அதை மாபெரும் வெற்றி என்று எழுதியிருப்பார்கள். பயனாளிகளின் பாராட்டுக் காணொளிகளை நம்பிப் பணம் கட்டும் பெற்றோரிடம் நான் சொல்லும் முதல் செய்தி இதுதான்.

அந்தத் தந்தையிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, மூன்று வாரங்களுக்கு எந்த மாற்றமும் செய்யாமல், மகன் கணக்குக்கு எத்தனை நிமிடம் உட்கார்ந்தான், வீட்டில் எத்தனை முறை குரல் உயர்ந்தது என்று மட்டும் தினமும் குறித்து வரச் சொன்னேன். வழக்கமான நிலை எது என்று தெரியாமல் மாற்றத்தை அளக்க முடியாது. திட்டாமல் இருக்க வேண்டுமா என்று கேட்டார். அடிப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள், அதற்கு எந்தக் கணக்கும் தேவையில்லை. மற்றதை இப்போதைக்கு எழுதி மட்டும் வாருங்கள் என்றேன்.

நோட்டோடு வந்த அன்று அவர் தாமாகவே ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். குரல் உயர்ந்த நாட்களையும் உயராத நாட்களையும் தனித்தனியே கூட்டி வைத்திருந்தார். மகன் படித்த நேரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.