மாட்டுக்குக் கட்டிய சுவரில் மனிதர் குடியேறினால்

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைப்பகுதியில் சுவேல்டேல் என்றொரு பள்ளத்தாக்கு. வயலுக்கு ஒன்று என்று சொல்லும்படி அங்கே கல் தொழுவங்கள் நிற்கின்றன. கீழே நாலைந்து மாடு, மேலே பரணில் காய்ந்த புல். குளிர்காலம் முழுக்க மாடு உள்ளேயே நின்று அதைத் தின்னும். சாணம் அதே வயலுக்கு எருவாகப் போகும். விவசாயம் மாறியதும் பல தொழுவங்கள் காலியாகின. சிலவற்றை வீடாக்கிக் குடும்பத்தோடு குடியேறுகிறார்கள்.

சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, ஜன்னல் வைத்தால் சரி என்றுதான் தோன்றும். ஆனால் தொழுவம் காற்றும் ஈரமும் வந்துபோகக் கட்டியது. வீடோ சூட்டைப் பிடித்து வைக்க வேண்டியது. சிக்கல் அங்கேதான்.

அந்தச் சுவர் அரை மீட்டருக்கு மேல் தடிமன். உண்மையில் அது இரண்டு சுவர்: வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, நடுவில் பொடிக்கல் நிரப்பல். இரண்டும் பிரிந்துவிடாமல் இருக்க நீளக் கற்களைக் குறுக்கே கொடுத்திருப்பார்கள். அவற்றின் முனைகள் வெளிப்புறம் வரிசையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மழைநீர் கல் இடுக்குகளில் இறங்கும். காற்றடித்தால் இடுக்கில் இருக்கும் சுண்ணாம்புச் சாந்து வழியாகவே வெளியேறிவிடும்.

இந்தச் சாந்துதான் கதாநாயகன். சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் 900 டிகிரி அளவுக்குச் சுட்டால் கரியமில வாயு போய்விடும். மிஞ்சியதைத் தண்ணீர் விட்டு நீற்றி, மணலோடு குழைத்துப் பூசினால், அது காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப இழுத்து மறுபடி கல்லாகிவிடும். நம்மூர்ப் பழைய காரை வீடுகளில் நடந்ததும் இதேதான். சுண்ணாம்புப் பூச்சில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உறிஞ்சிக்கொள்ளும். அடர்த்தியான சிமெண்ட் பூச்சில் விட்டால் முத்துப்போல நிற்கும், இல்லை வழிந்து ஓடும்.

சிமெண்ட்தான் கெட்டி என்று நம்பி இடுக்குகளை அதனால் அடைத்தவர்கள் ஏராளம். மயிரிழை விரிசலில் நுழைந்த நீருக்குத் திரும்ப வழியில்லை. கல் வழியாக வெளியேறப் பார்க்கும். குளிரில் அது உறைந்தால் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். கல்லின் முகம் செதில் செதிலாக உரியும். வருடங்கள் போகப்போகக் கல் உள்வாங்கி, சிமெண்ட் மட்டும் படச்சட்டம் போல முன்னால் நிற்கும். காப்பாற்ற வந்ததே தின்றுவிட்டது.

அப்புறம் உள்ளிருந்து வரும் ஈரம். சமையல், குளியல், துணி, மூச்சு என்று ஒரு குடும்பம் தினமும் லிட்டர் கணக்கில் நீராவியைக் காற்றில் கலக்கிறது. 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள அறைக்காற்று, 12 டிகிரி அளவில் இருக்கும் பரப்பைத் தொட்டாலே பனித்துளியாகிவிடும். வெறும் கல்சுவர் குளிர்காலத்தில் சுலபமாக அதற்கும் கீழே போகும்.

இவ்வளவு தடிமன் போதாதா என்று கேட்கலாம். போதாது. சூட்டைத் தடுப்பதில் 60 சென்டிமீட்டர் கல்லை 5 சென்டிமீட்டர் மரநார்ப் பலகை தோற்கடித்துவிடும். அந்தப் பலகையை உட்புறம் இடைவெளியில்லாமல் ஒட்டி, மேலே சுண்ணாம்பு பூசுவது நல்ல வழி. மரநார் ஈரத்தைக் கொஞ்சம் வாங்கித் திருப்பிக் கொடுக்கும். பிளாஸ்டிக் தாள் போட்டு மூடுவதை விட எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். ஆனால் பலகையைக் கனமாக்கிக்கொண்டே போகக் கூடாது: உட்சூடு எட்டாத கல் முன்னைவிடக் குளிர்ந்து, ஈரமாகவே கிடக்கும்.

தரையில் கை வைப்பதற்கு முன் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். பல தொழுவங்களுக்கு அஸ்திவாரம் என்பதே சில பெரிய கற்கள்தான். தலை இடிக்கிறதென்று தரையை ஆழமாக்கினால் சுவர் சரியும். கூரையில் வௌவால் குடியிருந்தால் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, ஒரு ஓட்டைக்கூட நினைத்தபோது பிரிக்க முடியாது.

கடைசிவரை போகாத குடித்தனக்காரர் மாடுதான். தலைமுறை தலைமுறையாகச் சுவரில் ஊறிய மூத்திரத்தை நுண்ணுயிர்கள் நைட்ரேட் உப்பாக மாற்றியிருக்கும். வெடிமருந்துக்கான வெடியுப்பை ஒரு காலத்தில் ஐரோப்பாவில் தொழுவச் சுவரிலிருந்தே சுரண்டி எடுத்தார்கள். இந்த உப்பு காற்றில் உள்ள ஈரத்தையே இழுக்கும். அதனால் கீழ்ப்பகுதியில் வேண்டுமென்றே இளகிய சுண்ணாம்புப் பூச்சு பூசுவார்கள். உப்பு அதில் வந்து பூத்ததும் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூசுவார்கள். அப்படியும் மழைநாளில், சோபாவுக்குப் பின்னால், மாடு கட்டியிருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு ஈரத்திட்டு தெரியும். வெயில் வந்ததும் மறையும்.