அரபியில் நிரல் எழுதினால்

நிரல்மொழியின் ஆங்கிலச் சொற்களைக் கழற்றிவிட்டு அரபிச் சொற்களை மாட்டுவது, பார்க்கப்போனால், சுலபமான வேலை. நாம் எழுதியதைக் கணினி முதலில் துண்டு துண்டாகப் பிரிக்கும்: இது கட்டளைச்சொல், இது எண், இது மாறி (ஒரு மதிப்பைத் தாங்கும் பெயர்) என்று. ‘இஃப்’, ‘பிரிண்ட்’ எல்லாம் அங்கே ஒரு பட்டியலில் உள்ள அடையாளங்கள்தான். பட்டியலை மாற்றினால் போதும், பின்னால் நடக்கும் கணக்கு மாறாது.

தலைவலி திரையில்தான். அரபி வலமிருந்து இடமாக ஓடும். அதற்குள் வரும் எண்கள் மட்டும் இடமிருந்து வலமாக. நினைவகத்தில் எழுத்துகள் தட்டச்சு செய்த வரிசையிலேயே இருக்கும். காட்டும்போது, உலக மொழி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடின் இருதிசை விதிகள் அவற்றை இடம் மாற்றும். கடிதத்துக்கு இது கச்சிதம். நிரலுக்கு? பைத்தான் என்ற பிரபல நிரல்மொழியின் 3-ஆம் பதிப்பு வந்த 2008 முதல் மாறிகளுக்கு அரபியில் பெயர் வைக்கலாம். ‘சீன்’ என்ற அரபி எழுத்தைப் பெயராகக் கொண்ட மாறியிலிருந்து 5-ஐக் கழித்து, ‘ஏ’ என்ற ஆங்கில மாறிக்குக் கொடுக்கிறோம். இடமிருந்து வலமாகக் காட்டும் திரையில் அது ‘ஏ = 5 - சீன்’ என்று தெரியும்! கணினி சரியாகவே கழிக்கும், படிப்பவர்தான் குழம்புவார். இதே விதிகளை வைத்து, கண்ணுக்கு ஒன்றும் கணினிக்கு வேறொன்றுமாக நிரலை ஒளிக்க முடியும் என்று 2021-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். (தமிழில் நிரல் எழுதும் ‘எழில்’ மொழிக்கு இந்தத் தொல்லை இல்லை.)

லெபனானைச் சேர்ந்த ராம்ஸி நாசர் 2012-இல் உருவாக்கிய ‘கல்ப்’ மொழியில் கலப்பே கிடையாது, கட்டளைகள் முழுக்க அரபி. எழுத்துகளை இணைக்கும் கோட்டை இழுத்து நீட்டி, நிரலையே அலங்கார எழுத்தாக்கலாம். முந்தைய இரண்டு எண்களைக் கூட்டி அடுத்ததைத் தரும் ஃபிபோனாச்சி வரிசை அதில் அழகாக ஓடுகிறது. ஆனால் உண்மையான செயலி எழுதப் போனால், பிறர் எழுதிவைத்த நிரலகங்களின் பெயர்கள் எல்லாம் ஆங்கிலம். அந்தச் சுவரை ஒரு மொழி தனியாக இடிக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்காக நெதர்லாந்தில் ஃபெலியன் ஹெர்மன்ஸ் 2020-இல் தொடங்கிய ‘ஹெடி’ மொழி அடக்கமான வழியில் போகிறது. அரபிக் காற்புள்ளி தலைகீழாக இருக்கும். அதைப் போட்டால் பைத்தான் ‘செல்லாத எழுத்து’ என்று ஆங்கிலத்தில் திட்டும். ஹெடி அந்தக் காற்புள்ளியையும் அரபி எண்களையும் ஏற்கும், பிழைச் செய்தியையும் மாணவரின் மொழியிலேயே சொல்லும். ஆங்கிலக் கட்டளைகளையும் கூடவே ஏற்கும் என்பதால், மெல்ல மெல்லப் பைத்தானுக்கு மாறிக்கொள்ளலாம்.