பிர்கா: குறுவட்டமா, உள்வட்டமா, கூற்றமா?

வருமானச் சான்றுக்காக ஒருநாள் இ-சேவை மையத்தில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பையன். கணினி முன் இருந்த அம்மா அவனிடம் கேட்டார்:

"எந்தப் பிர்கா தம்பி?"

"கீழையூருங்க."

"அது யூனியன்னு தெரியும். நான் பிர்காவக் கேக்குறேன்."

பையன் அப்பாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் அப்பா கத்தினார்: "ஆர்.ஐ. ஆபீஸ் எந்த ஊர்ல இருக்கோ அதச் சொல்லுடா!"

அப்பா சொன்னது ஏறக்குறைய சரியான விளக்கம்தான். பல வருவாய்க் கிராமங்கள் சேர்ந்தது ஒரு பிர்கா. சில பிர்காக்கள் சேர்ந்தது ஒரு தாலுகா. கிராமத்துக்கு வி.ஏ.ஓ., பிர்காவுக்கு ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர், தாலுகாவுக்குத் தாசில்தார். நம் மனுவும் அந்த வரிசையில்தான் மேலே ஏறுகிறது.

பையன் குழம்பியதில் தப்பில்லை. நம் ஊர்களை அரசு இரண்டு விதமாகக் கூறு போட்டு வைத்திருக்கிறது. ஊராட்சி, ஒன்றியம், பேரூராட்சி, நகராட்சி எல்லாம் உள்ளாட்சிக் கணக்கு. பிர்காவும் தாலுகாவும் வருவாய்த் துறைக் கணக்கு. அங்கே தேர்தலும் கிடையாது, தலைவரும் கிடையாது. இரண்டின் எல்லைகளும் ஒன்றாகவே போவதில்லை. 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு எங்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மிஞ்சியவை 4 தாலுகாக்கள், 6 ஒன்றியங்கள். திருக்குவளை ஒரு தாலுகாவின் தலைநகர், ஆனால் அந்தப் பெயரில் ஒன்றியம் இல்லை. தலைஞாயிறு பேரூராட்சியாகவும் இருக்கிறது, அதன் பெயரில் ஒன்றியமும் இருக்கிறது. தாலுகா என்று கேட்டால் வேதாரண்யம். உள்ளூர்க்காரனுக்கே தலை சுற்றும்.

சரி, சொல்லுக்கு வருவோம். பிர்கா அரபுச் சொல். மூலத்தில் 'ஃபிர்கா', பிரித்தல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. பிரிவு, கூட்டம் என்று பொருள். இந்தியில் வித்தியாசத்தைச் சொல்லும் 'ஃபர்க்' இதன் உறவுக்காரன். பாரசீகம் வழியாக ஆட்சிமொழியில் ஏறி, ஆங்கிலேயர் காலத்துச் சென்னை மாகாணத்தில் நிலைத்துவிட்டது. தமிழின் 'பிரி'யோடு ஒலியும் பொருளும் பொருந்துவது தற்செயல். அதை வைத்துத் தமிழ்ச் சொல் என்று கிளம்பிவிட வேண்டாம். கச்சேரியில் தொண்டையில் உருளும் பிருகாவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அதன் கூட்டாளிகளும் அங்கிருந்து வந்தவர்கள்தான். தாலுகா என்பதன் வேர்ப்பொருள் தொடர்பு, ஒட்டியிருப்பது. தாசில்தார் என்றால் வசூலைக் கையில் வைத்திருப்பவர். ஜில்லாவுக்கு அரபியில் விலா எலும்பு, பக்கம் என்று பொருள். எங்கள் வீட்டுப் பழைய பத்திரம் ஒன்று 'தஞ்சாவூர் ஜில்லா நாகப்பட்டினம் தாலுகா' என்று தொடங்கும். முத்திரைத் தாள் மடிப்பில் கிழிந்து, 'ஜில்லா' மட்டும் பாதி போய்விட்டது. அந்த ஜில்லாவிலிருந்து நாகப்பட்டினம் 1991-இல் பிரிந்தது. அதிலிருந்து 1997-இல் திருவாரூர் பிரிந்தது. ஜில்லா மாவட்டமானது, தாலுகா வட்டமானது, தாசில்தார் வட்டாட்சியர் ஆனார். ஜில்லா ஏறக்குறைய மறைந்தே போனது. பிர்கா மட்டும் பேச்சில் விடாப்பிடியாக நிற்கிறது.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் புழங்குகின்றன: குறுவட்டம், உள்வட்டம். வட்டத்துக்கு உள்ளே இருப்பதால் உள்வட்டம். வட்டத்தைவிடச் சிறியதாகையால் குறுவட்டம். இரண்டுமே சரிதான். எனக்குக் குறுவட்டம்தான் பிடிக்கும். மாவட்டம், வட்டம், குறுவட்டம் என்று சொல்லும்போதே எது பெரிது எது சிறிது என்று தெரிந்துவிடுகிறது. உள்வட்டம் என்றால் யாரோ முக்கியப் புள்ளியைச் சுற்றியிருக்கும் நெருக்கமான ஆட்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

ஆனால் பிர்காவின் பொருளை அச்சாகச் சொல்லும் பழைய சொல் ஒன்று இந்த மண்ணிலேயே இருந்தது: கூற்றம். கூறு என்றால் பங்கு, பிரிவு, அதிலிருந்து கூற்றம். சோழர் காலத்தில் வளநாட்டுக்குள் நாடும் கூற்றமும், அதற்குள் ஊர். நாகப்பட்டினத்து சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு இராசராசன் கொடுத்த ஆனைமங்கலம், சத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டினக் கூற்றத்தில் இருந்தது என்கிறது லெய்டன் செப்பேடு. இன்று ஆனைமங்கலம் கீழ்வேளூர் வட்டத்தில் இருக்கிறது. புறநானூற்றில் வரும் மிழலையும் முத்தூறும் பின்னாளில் மிழலைக் கூற்றம், முத்தூற்றுக் கூற்றம் என்றே வழங்கின. பரப்பளவில் கூற்றமும் பிர்காவும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. சொல்லின் கருத்து ஒன்று, அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் கூற்றத்தை மீட்டெடுக்கக் கூடாது என்று கேட்பீர்கள். கூற்றம் என்றால் எமன் என்றும் பொருள். 'கூற்றம் குதித்தலும் கைகூடும்' என்று குறளே சொல்கிறது. வாசலில் 'கூற்ற ஆய்வாளர் அலுவலகம்' என்று பலகை மாட்டினால் யார் உள்ளே போவார்கள்?

பிர்கா சான்றிதழோடு முடிகிற விஷயமும் அல்ல. ஜமாபந்தி, அதாவது வருவாய்த் தீர்வாயம் நடக்கும்போது, முதல் நாள் இந்தக் குறுவட்டம், மறுநாள் அந்தக் குறுவட்டம் என்றுதான் கிராமக் கணக்குகளைப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் நிலத்தடி நீரையும் முன்பு பிர்கா வாரியாக அளந்திருக்கிறார்கள். கடலோரப் பிர்காக்கள் சிலவற்றின் பெயருக்கு நேரே 'உவர் நீர்' என்று பதிவாகியிருந்தது. வேதாரண்யம் பக்கம் வாய்க்கால் தண்ணீர் வரக் காத்திருக்கும் விவசாயிக்கு அதைப் படித்துச் சொல்ல வேண்டியதில்லை; கை பம்பை அடித்து ஒரு வாய் குடித்தாலே தெரியும்.

பையன் கடைசியில் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டான். அந்த அம்மா தட்டச்சு செய்துகொண்டே, "ஃபார்ம்ல குறுவட்டம்னு இருக்கும், அதுவும் இதுதான்" என்றார்.