இ-கியூடிஎல்: தமிழில் ‘வெளிப்பாட்டு அமைவிடம்’

‘எக்ஸ்பிரஷன் குவான்டிடேட்டிவ் டிரெய்ட் லோகஸ்’ என்பதன் சுருக்கம் இது. லோகஸ் என்றால் இலத்தீனில் ‘இடம்’. உயரம், விளைச்சல், இரத்தக் கொழுப்பு என அளந்து சொல்லக்கூடிய பண்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் டிஎன்ஏ பகுதி கியூடிஎல். ஒரு மரபணுவிலிருந்து அதன் நகலான ஆர்என்ஏ எவ்வளவு உருவாகிறது என்பதையே, அதாவது மரபணுவின் ‘வெளிப்பாட்டையே’, பண்பாகக் கொண்டால் முன்னால் ‘இ’ சேரும். 2001இல் யான்சன், நாப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இவ்வழியை முன்வைத்தனர். 2002இல் ஈஸ்ட்டில் செய்துகாட்டப்பட்டது.

தமிழில் ‘வெளிப்பாட்டு அளவுப்பண்பு அமைவிடம்’. சுருக்கமாக ‘வெளிப்பாட்டு அமைவிடம்’. ‘வெளிப்பாட்டு மரபணு’ என்பது பிழை. இது மரபணு அல்ல, மரபணுவின் ஆர்என்ஏ அளவை மாற்றும் இடம்தான். பெரும்பாலும் புரதத்துக்கான குறியீடே இல்லாத பகுதியில் கிடக்கும்.

எல்டிஎல் கொலஸ்ட்ராலோடும் மாரடைப்போடும் தொடர்புள்ள, முதல் குரோமோசோமின் 1பி13 பகுதியைப் பாருங்கள். அங்கு டிஎன்ஏவில் உள்ள ஓர் எழுத்து மாற்றம் செல்சர்2, பிஎஸ்ஆர்சி1 ஆகிய மரபணுக்களுக்கு நடுவே இருக்கிறது. அருகில் இருப்பதுதான் காரணம் என்று எண்ணத் தோன்றும். கல்லீரல் மாதிரிகளில் ஆர்என்ஏ அளவைப் பார்த்தபோதோ, அந்த மாற்றம் உள்ளவர்களிடம் சற்றுத் தள்ளியுள்ள சார்ட்1 மரபணுவின் ஆர்என்ஏ பெரிதும் கூடியிருந்தது. அந்த மாற்றம், மரபணுக்களின் வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் சி/ஈபிபி புரதம் ஒட்டுவதற்கு ஓர் இடத்தை உருவாக்குகிறது. சார்ட்1 கூடுகிறது, எல்டிஎல் குறைகிறது. 2010இல் வெளியான இவ்வாய்வில் கொழுப்புத் திசுவில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. திசுவைத் தவறாகத் தேர்ந்தால் விடை கைக்கு வராது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

செய்முறை: ஒவ்வொருவரின் மரபணு வகையையும் (டிஎன்ஏவில் எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதையும்) உரிய திசுவின் ஆர்என்ஏ அளவையும் எடுக்க வேண்டும். மிகக் குறைவாக வெளிப்படும் மரபணுக்களை நீக்கி, அளவுகளைச் சமன்படுத்தி, பாலினம், வம்சாவளி, மாதிரிகளை வெவ்வேறு தொகுதிகளாக ஆய்வகத்தில் சோதிப்பதால் வரும் வேறுபாடு ஆகியவற்றின் தாக்கத்தைக் கழிக்க வேண்டும். பிறகு மரபணுவின் தொடக்கத்திலிருந்து இருபுறமும் வழக்கமாக 10 லட்சம் எழுத்துகளுக்குள் உள்ள மாற்றங்களைச் சோதிப்பார்கள். இவை ‘அண்மை’ வகை. தொலைவிலோ வேறு குரோமோசோமிலோ இருப்பவை ‘தொலை’ வகை. சோதனைகளின் எண்ணிக்கை பல மடங்கு பெருகுவதாலும் விளைவு சிறிதாக இருப்பதாலும் இவற்றுக்கு இன்னும் நிறைய மாதிரிகள் தேவை.

அதிகம் ஏமாற்றுவது பிணைப்பு. பக்கத்துப் பக்கத்து மாற்றங்கள் சேர்ந்தே மரபாக வருவதால், நோயோடு தொடர்புள்ள மாற்றம் ஒன்றாகவும் ஆர்என்ஏவை மாற்றுவது வேறொன்றாகவும் இருக்கலாம். கணக்கில் இரண்டும் ஒரே இடம் போலத் தோன்றும். இரண்டு சமிக்ஞைகளுக்கும் மூலம் ஒன்றுதானா என்று இணைவிடச் சோதனையில் பார்த்த பிறகே நோயோடு தொடர்புள்ள மரபணு இதுதான் என்று பெயரைச் சொல்லலாம். அப்போதும் உயிரணுவில் அந்த எழுத்தைத் திருத்திப் பார்க்கும் வேலை மிச்சமிருக்கும்.