காலால் கேட்கும் குகைச் சுவர்க்கோழி

நியூசிலாந்தின் பாக்கிராம்மா பேரினத்துச் சுவர்க்கோழிகள் கத்துவதே இல்லை. சுவர்க்கோழி ஒலி எழுப்புவது இறக்கைகளை உரசித்தான். இவற்றுக்கு இறக்கையே கிடையாது. மற்ற சுவர்க்கோழிகளுக்கு முன்னங்காலில் இருக்கும் செவிப்பறையும் இல்லை. உள்ளூரில் இவற்றைக் குகை வேட்டா என்பார்கள். வட தீவின் வைடோமோ குகைகளில் வாழும் இனத்தை 1958-இல் பூச்சியியலாளர் ஏயோலா ரிச்சர்ட்ஸ் விவரித்துப் பெயரிட்டார்.

செவி இல்லாத குறையைக் கால்கள் தீர்க்கின்றன. ஒவ்வொரு காலிலும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஓர் உணர்வுறுப்பு இருக்கிறது. பாறையில் ஓடும் மெல்லிய அதிர்வு, கால் வழியாக ஏறி அங்குள்ள நரம்புச் செல்களை அசைக்கும். வால் முனையில் மயிர் அடர்ந்த இரண்டு நீட்சிகள் காற்றின் அசைவைப் பிடிக்கும். உடலைவிடப் பல மடங்கு நீண்ட உணர்கொம்புகள் இருட்டில் தொட்டும் முகர்ந்தும் வழி காட்டும். ஆண்களுக்குக் கொம்பும் காலும் இன்னும் நீளம்.

இந்த எச்சரிக்கை வீண் போவதில்லை. தென் தீவின் வடமேற்கு நெல்சன் குகைகளில், கால்களை விரித்தால் 15 செ.மீ. வரை வரும் ஸ்பெலுங்குலா சிலந்திக்கு முக்கிய இரையே குகை வேட்டாதான்.

வேட்டாக்கள் பகலில் குகைக் கூரையில் கூட்டமாகத் தலைகீழாகத் தொங்கும். குகைக்குள் வெளிச்சமில்லை, பச்சைச் செடி இல்லை. எனவே இரவில், அதுவும் ஈரக்காற்று உள்ள இரவில், இரை தேடி வெளியே வரும். செடி, பூஞ்சை, செத்த பூச்சி எதையும் தின்னும். விடிவதற்குள் திரும்பி, உள்ளே எச்சம் இடும். வெளியிலிருந்து வரும் இந்த உணவை நம்பியே குகையின் நுண்ணுயிர்களும் சிறு பூச்சிகளும் பிழைக்கின்றன. வேட்டாவை வெறும் குடியிருப்பாளராக எண்ணுவது அதற்கு இழைக்கும் அநீதி என்பேன்.

வறண்ட காற்று இவற்றுக்கு எமன். உடலின் ஈரம் எளிதில் வெளியேறிவிடும். குகைக்குப் புது வாசல் வெட்டினாலோ, இருக்கும் வாசலை அகலப்படுத்தினாலோ காற்றோட்டம் கூடி, கூரை உலர்ந்துவிடும். தங்குமிடம் அதோடு போயிற்று.

பார்க்கப் போகிறவர்கள் டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் கட்டிக்கொள்ளலாம். பூச்சிகளின் கண்ணுக்குச் சிவப்பு அவ்வளவாக எட்டாது. கிட்டே போய் மூச்சு விட்டால் வால் நீட்சிகள் உடனே உணர்ந்துவிடும், துள்ளி விழும். வெளுத்த நிறத்தில் அசையாமல் தொங்குவது தெரிந்தால் நெருங்கவே கூடாது. அது சட்டை உரிக்கிறது. முதுகு பிளந்து, உடலை வெளியே இழுத்து, கால்களையும் கொம்புகளையும் பழைய உறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவ வேண்டும். நடுவில் கீழே விழுந்தால், மென்மையான கால்கள் வளைந்து அப்படியே கெட்டிப்பட்டுவிடும்.