வான்கூவருக்கு எதற்கு மாட்டுத்துறை?

மூன்றாவது தடவையாகக் கண்ணில் பட்டுவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். கனடாவின் மேற்குக் கரை நகரமான வான்கூவரை யாரோ 'ஆத்துறை' ('ஆ' என்றால் பசு) என்று தமிழாக்கி, அதுவே தூய தமிழ்ப் பெயர் என்று பெருமை வேறு பட்டுக்கொள்கிறார்கள்.

சொல்லின் கதை சின்னதுதான். நெதர்லாந்தின் வடகிழக்கில் கூவோர்டன் என்றோர் ஊர். டச்சு மொழியில் 'கூ' மாடு, 'வோர்டே' ஆற்றை இறங்கிக் கடக்கும் துறை. முன்னால் வரும் 'வான்' நம் வானம் இல்லை, 'இன்ன ஊர்க்காரர்' என்று காட்டும் சொல். அந்த ஊர்ப்பெயர் குடும்பப்பெயராகி, இங்கிலாந்தில் தேய்ந்து வான்கூவர் ஆனது என்பார்கள்.

சரி, மாடும் துறையும் இருக்கின்றனவே, மொழிபெயர்த்தால் என்ன? முதலில், அந்த நகரத்தில் மாடு கடந்த துறை எதுவும் கிடையாது. கிரான்வில் என்று இருந்த குடியிருப்புக்கு 1886-இல், 1792-இல் அந்தக் கரையை அளந்து வரைந்த கப்பல்தலைவர் ஜார்ஜ் வான்கூவரின் பெயரை வைத்தார்கள், அதுவும் அவர் இறந்து 88 ஆண்டுகள் கழித்து. ஆளை நினைத்து வைத்த பெயரில் மாட்டைத் தேடுவானேன்? அப்படியே செய்தாலும் கப்பல்தலைவரை என்னவென்று அழைப்பது, ஜார்ஜ் ஆத்துறையார் என்றா? ஆக்ஸ்போர்டும் எருதுத்துறைதான், இஸ்தான்புல்லின் பாஸ்பரஸ் நீரிணையும் கிரேக்கத்தில் எருது கடக்கும் வழிதான். மூன்றையும் தமிழாக்கினால் வரைபடம் முழுக்க மாட்டுத்தொழுவம்! போதாக்குறைக்கு 'ஆத்துறை' என்றதும் நமக்கு மாடா ஞாபகம் வருகிறது, ஆற்றங்கரைப் படித்துறைதானே வருகிறது?

இன்னொரு கூட்டம் 'வாங்கூவர்' என்று எழுதுகிறது. ன்-க்குப் பின் க வருவது தமிழ் இல்லையாம். நன்கு, நான்கு, புன்கண் எல்லாம் எந்த மொழி? ண, ன இரண்டுக்கும் பின்னால் க வரலாம் என்று தொல்காப்பியமே இடம் கொடுக்கிறது. தேன்கூடு என்று படிக்கிற வாய்க்கு வான்கூவர் தானாக வரும். 'வாங்கூவர்' என்றால் ஏதோ கடையில் வாங்கச் சொல்வது போல இருக்கிறது. 'வேன்கூவர்' எழுதுகிறவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. வண்டியையே வேன் என்கிற ஊரில் அப்படித்தான் வரும். யாழ்ப்பாணத்தில் அந்த வண்டியும் வான்தான், அவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

அப்புறம், இந்தத் தூய்மைக்காரர்கள் கவனிக்காத ஒன்று: வான்கூவர் நகரம் வேறு, வான்கூவர் தீவு வேறு. நகரம் தீவில் இல்லை. 2010-இல் 492 ஈழத்தமிழரோடு வந்த சன் சீ கப்பல் அடைந்தது தீவிலிருக்கும் எஸ்குவைமால்ட் துறை. அதை மொட்டையாக 'வான்கூவர்' என்று எழுதினால் படிக்கிறவர் நகரத்துக்கே வந்ததாகத்தான் நினைப்பார். மாட்டைத் தேடி அலைந்த நேரத்தில் 'தீவு' என்ற இரண்டெழுத்தைச் சேர்த்திருக்கலாம்.